என்ஜின் ஏறிய தோணிகளும் சுக்கான் மாறிய விதமும்

தூத்துக்குடிக் கடற்கரையின் மரக்கலங்களில் என்ஜின் ஏறியது 1950-களில் தொடங்கி அந்த நூற்றாண்டின் இறுதிக்குள் ஏறத்தாழ நடந்து முடிந்த மாற்றம். முதலில் மீன்பிடிப் படகுகளும், பிறகு வள்ளங்களும், கடைசியாகச் சரக்குத் தோணிகளும் பாயைச் சுருட்டி டீசலுக்கு வந்தன. இந்த மாற்றத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் குதிரைத்திறனையும் வேகத்தையும் பிடிபட்ட மீனின் அளவையும்தான் பேசுகிறார்கள். கலத்தைத் திருப்பும் ஏற்பாட்டுக்கு என்ன ஆனது என்ற கேள்வி ஓரமாகவே கிடக்கிறது. உண்மையில் புது என்ஜின் ஏறிய ஒவ்வொரு பழைய கலத்திலும் அடுத்த வேலை சுக்கானில்தான் வந்து நின்றது. காற்றால் ஓடுவதற்கென்று செய்த உடலில் வேறொரு விசையைப் புகுத்தினால், அந்த உடலைத் திருப்பும் முறையும் மாறியே ஆக வேண்டும்.

பாய்க்காலத்தில் இந்தக் கரையில் மூன்று வகைக் கலங்கள் இருந்தன. கட்டுமரத்துக்குத் தனிச் சுக்கான் கிடையாது. கயிற்றால் பிணைத்த மரங்களின் பின்முனையில் நிற்பவர் கையிலுள்ள துளவையே துடுப்பாகவும் சுக்கானாகவும் பயன்பட்டது. பாய் விரித்து ஓடும்போது மரம் பக்கவாட்டில் நழுவாமலிருக்கப் பலகையொன்றை நீரில் இறக்குவார்கள். அந்தப் பலகையை முன்னோ பின்னோ நகர்த்தினால் மரம் திரும்பும் போக்கும் மாறும். பலகைகளை இணைத்துக் கட்டிய வள்ளம், சுமார் 10 மீட்டர் நீளம் கொண்டது. மீன்பிடிக்கவும் சங்கு குளிக்கவும் பயன்பட்ட இந்தக் கலத்தின் பின்முனையான அமரத்தில், கழற்றி மாட்டக்கூடிய மரச் சுக்கான் இருந்தது. மூன்றாவது வகை தோணி. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்ற இந்தப் பெரிய கலங்களுக்கு இரண்டு அல்லது மூன்று பாய்மரங்கள் இருந்தன. அமரத்துக் கட்டையில் இரும்புக் கொண்டிகளால் தொங்கவிட்ட கனத்த சுக்கானும் அதைத் திருப்ப நீண்ட மரக் கைப்பிடியும் இருந்தன.

பக்கத்துடுப்பிலிருந்து நடுச் சுக்கானுக்கு வந்த பயணம் மிக நீண்டது. சோழமண்டலக் கரையில் கிடைத்த சாதவாகனர் காசுகளில் இரட்டைப் பாய்மரக் கப்பல்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றின் பின்பகுதியில் தெரிவது பக்கவாட்டில் மாட்டிய பெருந்துடுப்புகள்தான். தாமிரபரணி முகத்தில் முத்துத் துறையாக விளங்கிய கொற்கைக்கு வந்துபோன கலங்களும் அதே முறையில்தான் திருப்பப்பட்டிருக்க வேண்டும். அமரத்தின் நடுவில் தொங்கும் சுக்கான் சீனத்தில் ஏறத்தாழ கிறிஸ்து பிறப்பை ஒட்டிய காலத்திலேயே வழக்கில் இருந்தது. ஐரோப்பாவில் அது 12-ஆம் நூற்றாண்டின் சிற்பங்களில்தான் முதலில் காணப்படுகிறது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இந்தக் கரைக்கு வந்தபோது அவர்களுடைய கப்பல்களில் இருந்தது நடுச் சுக்கான்தான்.

பாய்த்தோணியைத் திருப்புவது சுக்கான் பிடித்தவர் ஒருவரின் வேலையாக இருந்ததில்லை. முன்பாயைக் காற்றுக்கு இழுத்துக் கட்டினால் முன்முனையான அணியம் காற்றைவிட்டு விலகும். பின்பாயை இறுக்கினால் அமரம் தள்ளப்பட்டு அணியம் காற்றை நோக்கி வரும். இந்த இரண்டையும் சரியாகச் சமன் செய்துவிட்டால் தோணி மணிக்கணக்கில் தன் திசையில் தானே ஓடும். கைப்பிடியைச் சும்மா தொட்டுக்கொண்டிருந்தாலே போதும். காற்றும் நீவாடு எனப்படும் நீரோட்டமும் மாறும் இடத்தில்தான் சுக்கானுக்கு வேலை வரும். கலத்தை நடத்தும் தண்டல் தன் ஆட்களைப் பாய்க்கயிற்றில் நிறுத்தி, எந்தக் கயிற்றை எப்போது தளர்த்துவது என்று சொல்வதே கலத்தை ஓட்டும் கலையின் பெரும்பகுதி. கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று காற்றுகளைப் பெயர் சொல்லிப் பிரித்து வைத்திருந்தவர்களுக்கு அது வெறும் திசையறிவு அல்ல. ஒவ்வொரு காற்றுக்கும் பாயும் சுக்கானும் சேர்ந்து எப்படி நிற்க வேண்டும் என்ற அறிவும் அதில் அடங்கியிருந்தது. முத்துக்குளிப்புப் படகுகளும் இதே அறிவில்தான் ஓடின. நள்ளிரவுக்குமேல் கரைக்காற்றைப் பிடித்து முத்துச்சிப்பி கிடக்கும் பாருக்குப் போவதும், பிற்பகல் கடற்காற்றில் கரை திரும்புவதும் அவர்களுடைய நாளின் ஒழுங்கு. கடைசிப் பெரிய முத்துக்குளிப்புகள் 1955 முதல் 1961 வரை நடந்தன. அதாவது, முத்துத் தொழில் முடிந்த காலமும் என்ஜின் தொழில் தொடங்கிய காலமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கின்றன.

இந்தக் கடலின் அமைப்பையும் இங்கே சொல்லியாக வேண்டும். தூத்துக்குடியின் விரிகுடா ஆழம் குறைந்தது. முயல் தீவும் பாண்டியன் தீவும் அதைப் பெரிய அலையிலிருந்து மறைக்கின்றன. வடக்கே இராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிப் பவளப் பார்களும் நீள்கின்றன. அலையடிப்பு குறைவு என்பதால், கன்னியாகுமரிக் கரையைப் போல ஒவ்வொரு நாளும் கலத்தை மணலில் ஏற்றி இறக்க வேண்டிய கட்டாயம் இங்கே இல்லை. ஆனால் கலத்தின் அடிக்கட்டையான ஏராவுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் எந்தப் பொருளும் பாரில் தட்டி உடையும் ஆபத்து உண்டு. பின்னாளில் என்ஜின் சுழற்றும் விசிறியையும் சுக்கானையும் எப்படிப் பொருத்துவது என்ற முடிவுகள் எல்லாவற்றிலும் இந்த இரண்டு உண்மைகளும் இருந்தன.

துறைமுகத்தின் வரலாறும் அதே ஆழக்குறைவால் தீர்மானிக்கப்பட்டது. 1868-இல் சிறு துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடிக்கு 1876-இல் ரயில் வந்தது. கொழும்புக்கு நீராவிக் கப்பல் போக்குவரத்து பெருகியது. 1906-இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி, காலியா, லாவோ என்ற இரு கப்பல்களை இந்த வழியில் ஓடவிட்டார். நீராவிக் கப்பல் எதுவும் கரைக்கு வர முடியவில்லை. சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நின்றது. பஞ்சுப் பொதியும் உப்பும் ஆட்களும் தோணியிலும் படகிலும்தான் அங்கே போய்ச் சேர்ந்தன. ஆகவே நீராவிக் கப்பல் பெருகப்பெருகத் தோணிக்கு வேலை கூடியதே தவிரக் குறையவில்லை. கரைக்கும் கப்பலுக்கும் நடுவிலான அந்தக் குறுகிய ஓட்டத்தில், கப்பலின் பக்கத்தில் மோதாமல் தோணியை அணைப்பதற்குப் பாயும் துளவையும் கயிறும் போதுமானவையாக இருந்தன. என்ஜின் வேண்டும் என்ற நெருக்கடி அப்போது எழவில்லை.

அந்த நெருக்கடி முதலில் மீன்பிடிப்பில் வந்தது. 1952-இல் கையெழுத்தான இந்தோ-நார்வே ஒப்பந்தம் மறு ஆண்டிலிருந்து கேரளத்தின் நீண்டகரையில் சிறுபடகுகளுக்கு என்ஜின் வைக்கும் முயற்சியைத் தொடங்கியது. ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பிலிருந்து வந்த பால் சீனர் போன்ற படகு வடிவமைப்பாளர்கள் இந்தியக் கரைகளுக்கு ஏற்ற சிறு என்ஜின் படகுகளை வரைந்தார்கள். சென்னை மாநிலக் கரையில் அந்த வகைப் படகுகள் பாப்லோ படகுகள் என்று அழைக்கப்பட்டன. தூத்துக்குடியில் அரசின் மீனவர் பயிற்சி நிலையம் அமைந்தது. பாய்க்கயிறு பிடித்த கைகளுக்கு அங்கே என்ஜினும் வலையிழுவையும் சொல்லிக்கொடுக்கப்பட்டன. புதிதாகக் கட்டிய இந்தப் படகுகளில் விசிறிக்கு இடம், அதன் பின்னால் தகட்டுச் சுக்கான், மேலே ஓட்டுநர் அறை, அதற்குள் சக்கரம் என்று எல்லாம் தொடக்கத்திலேயே திட்டமிடப்பட்டிருந்தன. ஆகவே சுக்கான் சிக்கல் இவற்றில் எழவில்லை. சிக்கல் எழுந்தது பழைய உடலில் புது என்ஜின் வைத்த இடங்களில்.

அந்தச் சிக்கலின் வேர் எளிய கணக்கு ஒன்றில் இருக்கிறது. சுக்கானின் மீது நீர் தரும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஒன்றரைச் சதுர மீட்டர் பரப்புள்ள சுக்கானை எடுத்துக்கொள்வோம். தோணி மணிக்கு 4 கடல்மைல் வேகத்தில் ஓடும்போது அதை நன்றாகத் திருப்பிப் பிடித்தால் சுமார் 330 கிலோ எடைக்குச் சமமான விசை அதன்மேல் விழும். அந்த விசை கொண்டியிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி விழுவதாகவும் கைப்பிடி 2 மீட்டர் நீளம் என்றும் கொண்டால், கைப்பிடியின் நுனியில் நிற்பவர் 50 கிலோ அளவுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும். பலமான ஓர் ஆள் சிறிது நேரம் அதைத் தாங்குவார். அதே கலம் என்ஜினால் 8 கடல்மைல் ஓடினால் அந்த 50 கிலோ 200 கிலோ ஆகிவிடும். நான்கு பேர் சேர்ந்தாலும் அதைத் தொடர்ந்து பிடிப்பது கடினம். வேகம் இரண்டு மடங்கு கூடியதற்குச் சுக்கான் பிடிப்பவர் கொடுக்கும் விலை நான்கு மடங்கு.

பாய் போனதால் நேர்ந்த இழப்பு இதைவிடப் பெரியது. முன்பாயும் பின்பாயும் செய்துவந்த திருப்பும் வேலை முழுவதும் இப்போது சுக்கானின் தலையில் விழுந்தது. என்ஜின் அமரத்துப் பக்கம் ஏறியதால் பின்பகுதி தாழ்ந்து அணியம் உயர்ந்தது. உயர்ந்த அணியத்தைப் பக்கக் காற்று எளிதாகத் தள்ளும். போதாக்குறைக்கு விசிறியும் ஒரு பக்கமாக இழுக்கும். பின்னாலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுற்றும் விசிறி அமரத்தை மெல்ல வலப்பக்கம் தள்ளுவதால் அணியம் இடப்பக்கம் போகும். இடத்துக்காக ஷாஃப்டை நடுக்கோட்டிலிருந்து விலக்கி வைத்துவிட்டால் இந்த இழுப்பு நிரந்தரமாகிவிடும். பாய்க்காலத்தில் சும்மா தொட்டுக்கொண்டிருந்த கைப்பிடியை என்ஜின் ஓடும் நேரம் முழுவதும் பிடித்தபடி நிற்க வேண்டிய நிலை வந்தது.

இதற்கு மரக்கலம் கட்டும் ஓடாவிகளிடம் இரண்டு வகைத் தீர்வுகள் இருந்தன. ஒன்று சுக்கானையே மாற்றுவது. பாய்க்கலத்தின் சுக்கான் பெரிதாக இருந்ததற்குக் காரணம், கலம் மெதுவாக ஓடும்போதும் அது நீரைப் பிடிக்க வேண்டும் என்பதுதான். விசிறிக்கு நேர் பின்னால் வரும் சுக்கானுக்கு அந்தப் பரப்பு தேவையில்லை. கலம் நின்றுகொண்டிருந்தாலும் விசிறி தள்ளும் நீர் அதன்மேல் வேகமாகப் பாய்கிறது. எனவே அமரத்துக் கட்டையில் விசிறிக்கு வெட்டுவாய் எடுத்து, கனத்த மரச் சுக்கானுக்குப் பதில் சிறிய இரும்புத் தகட்டைப் பொருத்தலாம். தகட்டில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவான பகுதியைத் திருப்பும் அச்சுக்கு முன்னால் நீட்டிவிட்டால், அந்த முன்பகுதியில் விழும் நீரே திருப்புவதற்குக் கைகொடுக்கும். கையில் விழும் சுமை பெரிதும் குறைந்துவிடும். முன்னால் அதிகமாக நீட்டிவிட்டால் சுக்கான் தானாகவே ஒரு பக்கம் பாய்ந்து பூட்டிக்கொள்ளும். அந்த அளவைப் பிடிப்பதுதான் ஓடாவியின் திறமை. பழைய சுக்கானை அப்படியே விட்டுவிட்டு அதில் விசிறிக்கு மட்டும் ஓட்டை வெட்டிய கலங்கள் இரண்டு வகையிலும் துன்பப்பட்டன. அதிர்வில் கொண்டிகள் தளர்ந்தன. வெட்டியதால் பரப்பும் போயிற்று.

இன்னொரு தீர்வு, கைக்கும் சுக்கானுக்கும் நடுவிலுள்ள ஏற்பாட்டை மாற்றுவது. கைப்பிடியின் இருபுறமும் கப்பி கட்டிக் கயிற்றால் இழுப்பது பாய்க்காலத்திலேயே தெரிந்த முறை. அடுத்தது சக்கரம். ஐரோப்பியக் கப்பல்களில் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சக்கரத்தை, சங்கிலியும் கம்பி வடமும் கப்பிகளும் கொண்டு அமரத்தில் உள்ள சுக்கான் தலையோடு இணைத்தார்கள். தமிழகத்தின் விசைப்படகுகளில் நெடுங்காலம் இருந்தது இதுதான். மலிவானது. நடுக்கடலில் அறுந்தாலும் கையில் கிடைக்கும் கம்பியால் கட்டிக்கொண்டு கரை சேரலாம். சுக்கானில் என்ன நடக்கிறது என்பது சக்கரத்தில் கைக்குத் தெரியும். குறை என்னவென்றால், வடம் நீண்டு தொய்ந்துபோகும், கப்பி உப்பில் துருப்பிடித்து இறுகும். சுமையைக் குறைக்கச் சுற்றுகளைக் கூட்டினால் கலம் திரும்பத் தாமதமாகும். துறைமுகத்துக்குள் நெருக்கமாக நிற்கும் படகுகளுக்கு நடுவே அந்தத் தாமதம் மோதலில் முடியும். பெரிய கப்பல்களுக்கான பன்னாட்டு விதி, முழு வேகத்தில் சுக்கானை ஒரு பக்கம் 35 பாகையிலிருந்து மறுபக்கம் 30 பாகைக்கு 28 வினாடிக்குள் திருப்ப முடிய வேண்டும் என்கிறது. தோணிக்கு அந்த விதி பொருந்தாது. ஆனாலும் விசையைக் குறைப்பதும் நேரத்தைக் குறைப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்பதை அந்த விதியும் ஒப்புக்கொள்கிறது.

கடைசியாக வந்தது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஸ்டியரிங். சக்கரத்தோடு சேர்ந்த சிறு பம்பு எண்ணெயைக் குழாய் வழியாகத் தள்ளும். அமரத்தில் உள்ள உருளை அந்த அழுத்தத்தில் சுக்கான் தலையைத் திருப்பும். கையை எடுத்தாலும் சுக்கான் நின்ற இடத்திலேயே நிற்பது இதன் பெரிய நன்மை. பகல் முழுவதும் வலை இழுக்கும் படகுக்கு இது மிகப்பெரிய ஆறுதல். ஆனால் எண்ணெய் கசிந்தாலோ குழாயில் காற்று புகுந்தாலோ சக்கரம் வெறுமையாகச் சுற்றும். ஆகவே எண்ணெய் ஸ்டியரிங் வைத்த கலத்திலும் பழைய மரக் கைப்பிடியை எடுத்து மாட்டும் வசதி இருந்தாக வேண்டும்.

வள்ளங்கள் வேறு வழியில் போயின. 1980-களில் சிறிய டீசல் என்ஜின்கள் பரவியபோது இரண்டு ஏற்பாடுகள் போட்டியிட்டன. ஒன்று, வள்ளத்துக்குள் என்ஜினை நிலையாக வைத்து, அடியில் ஷாஃப்ட் இறக்கி, பின்னால் சுக்கான் மாட்டுவது. மறைவான விரிகுடாவில் நிற்கும் தூத்துக்குடி வள்ளங்களுக்கு இது பொருந்தியது. மற்றொன்று, லம்பார்டினி போன்ற என்ஜினின் பின்னால் நீண்ட ஷாஃப்டை இணைத்து, என்ஜினையே ஒரு முளையின்மேல் திருப்புவது. அதில் சுக்கானே கிடையாது. விசிறி தள்ளும் திசைதான் திருப்பம். பார் தென்பட்டால் ஷாஃப்டைத் தூக்கிவிடலாம். மணற்கரையில் ஏறும் கலங்களுக்கு இதைவிட ஏற்ற வழி இல்லை. 1979 முதல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டமும், அலையடிக்கும் கரைகளுக்காகத் தூக்கக்கூடிய விசிறி அமைப்பையே தேடியது. நீண்ட ஷாஃப்ட் முறைக்குக் கொடுக்கும் விலை என்னவென்றால், என்ஜினின் அதிர்வை ஓட்டுபவர் கையால் தாங்குகிறார். என்ஜின் நின்றுபோன நிமிடமே திருப்பும் வசதியும் போய்விடுகிறது. அதனால்தான் இத்தகைய படகுகளில் துளவை இன்றும் கிடக்கிறது. கட்டுமரத்தில் துளவை செய்த இரட்டை வேலையை நீண்ட ஷாஃப்ட் என்ஜின் மீண்டும் ஒன்றாக்கியது என்பது இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி. சுக்கான் என்ற தனி உறுப்பு பல நூற்றாண்டுகள் கழித்து மறைந்த இடம் இது.

தோணிகள் எல்லாவற்றுக்கும் கடைசியாக மாறின. இதற்குச் சட்டமும் ஓரளவு காரணம். 1958-இன் வணிகக் கப்பல் சட்டம், என்ஜின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாயால் மட்டுமே ஓடப் போதுமான பாய்ப்பரப்பு உள்ள கலத்தைப் பாய்க்கலம் என்று வகுத்தது. அதை நடத்துபவரைத் தண்டல் என்றே குறித்தது. ஆகவே தோணிக்கு என்ஜின் துணைக்கு வந்ததாகத்தான் முதலில் கருதப்பட்டது. பாய்மரம் அப்படியே நின்றது. இன்னொரு பக்கம் தொழிலே சுருங்கிக்கொண்டிருந்தது. முயல் தீவில் கட்டப்பட்ட ஆழ்கடல் துறைமுகம் 1974 ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1979-இல் பழைய துறைமுகமும் அதன் நிர்வாகத்தில் சேர்ந்தது. கப்பல்கள் கரையிலேயே அணைந்ததால் நடுவில் சரக்கு ஏற்றிச் சென்ற வேலை போயிற்று. எஞ்சிய கொழும்பு, மாலத்தீவு ஓட்டத்தில் காற்றுக்காகக் காத்திருக்க வணிகர்கள் தயாராக இல்லை. வெங்காயமும் காய்கறியும் அழுகும் சரக்குகள். நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் தோணிகள் ஒவ்வொன்றாக என்ஜின் ஏற்றின. பாய்மரங்கள் குட்டையாயின அல்லது சரக்கு தூக்கும் கம்பமாக நின்றன. அமரத்தில் அறை எழுந்தது. அதற்குள் சக்கரம் வந்தது. தோணி உலகின் இந்த நூற்றாண்டுக் கதையை ஜோ டி குரூஸ் 2009-இல் வெளிவந்த 'கொற்கை' நாவலில் பெரிய அளவில் பதிவு செய்திருக்கிறார்.

மாற்றத்தில் இழந்தது என்ன என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். பாய்க்கயிற்றில் நின்றவர்களின் வேலை போனது. பாயால் கலத்தைச் சமன் செய்யும் அறிவு அடுத்த தலைமுறைக்குச் செல்லவில்லை. என்ஜின் பழுதான தோணியைப் பாயின் துணையால் மட்டும் கரைசேர்க்கும் திறமை, அதைச் செய்து பழகியவர்களோடு தேய்ந்துவிட்டது. விசைப்படகுகளில் கலத்தை நடத்துபவருக்கு இப்போது டிரைவர் என்றே பெயர்.

பெரிய என்ஜினைத் தேடும் போட்டி இழுவைப் படகுகளில் தொடர்ந்தது. ரஸ்டன், கிர்லோஸ்கர் என்ஜின்களோடு தொடங்கிய படகுகளில், லாரிகளுக்குச் செய்யப்பட்ட வகையைச் சேர்ந்த அசோக் லேலண்ட் என்ஜின்களின் கடல் வடிவங்கள் ஏறின. பிறகு அவற்றைவிடப் பெரியவை வந்தன. அமெரிக்காவில் 1960-களின் கார்களில் பெரிய என்ஜினை மாற்றி வைப்பவர்களும் திருப்பும் ஏற்பாடு தாங்குமா என்ற இதே கேள்வியைத்தான் சந்திக்கிறார்கள். முன்சக்கரங்களின்மேல் எடை ஏறியதும் பழைய ஸ்டியரிங் பெட்டி கைக்கு அடங்குவதில்லை. எண்ணெய் அழுத்த ஸ்டியரிங்கை பிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர் 1926-இலேயே காரில் பொருத்திக் காட்டியிருந்தார். அது விற்பனைக்கு வரும் கார்களில் ஏற 1951-இன் கிரைஸ்லர் இம்பீரியல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கார்க்காரருக்குக் கூடுதலாக வருவது சக்கரங்களின்மேல் விழும் எடை. படகுக்காரருக்கு வருவது நீரின் வேகம். இரண்டிலும் ஸ்டியரிங்குக்கான செலவு என்ஜினின் விலைக்குப் பிறகே கணக்கில் ஏறுகிறது. தமிழகத்தில் 2020-இல் திருத்தப்பட்ட கடல் மீன்பிடி விதிகள் படகின் நீளத்துக்கு 24 மீட்டர், என்ஜினுக்கு 240 குதிரைத்திறன் என்று எல்லை வகுத்தன. மீன்வளத்தைக் காக்கவே அந்த எல்லை வகுக்கப்பட்டது என்றாலும், ஷாஃப்ட், விசிறி, சுக்கான் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும் அளவுகளுக்கும் அது ஒரு வரம்பாக அமைந்துவிட்டது.

இன்று பழைய துறைமுகத்தில் நிற்கும் தோணிகள் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பராமரிப்புக்கு ஒதுங்குகின்றன. ஓடாவிகள் பலகை மாற்றுவதும் பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பற்று பார்ப்பதும் அப்போதுதான். கொண்டிகளில் தளர்வு இருக்கிறதா, சுக்கான் தகடு வளைந்திருக்கிறதா, வடம் எவ்வளவு தொய்ந்திருக்கிறது, ஷாஃப்ட் குழாயில் நீர் எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது அந்தப் பராமரிப்பின் முக்கிய பகுதி. செப்டம்பர் வாக்கில் காற்று அடங்கியதும் அவை மீண்டும் மாலத்தீவு ஓட்டத்துக்குப் புறப்படுகின்றன.